எங்களுக்கும் ஒரு நாள்



கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதைத்தாள். அவர்கள் குடும்பமாகக் கரிபியன் கடலுக்குக் கப்பலில் உல்லாசப் பயணம் போய் வந்திருந்தார்கள். ஏழு நாள் பயணம். ஒரு நாளைக்கு ஒரு தீவு. கப்பலுக்குள்ளேயே பல சாப்பாட்டுக்கடைகள். பயணக் கட்டணத்துக்குள்ளேயே சாப்பாடும் அடக்கம் என்பதால் விரும்பிய நேரம் விரும்பியதைச் சாப்பிடலாமாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "பெரியம்மா, நீங்கள் கப்பலில போயிருக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ஒருக்காப் போயிருக்கிறன்" என்றேன்.

"எங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தங்கை போனை வாங்கி வேறு கதை கதைத்தாள்.

நான் போன கப்பலின் பெயர் 'கிறீன் ஓசன்'. 2009 பெப்ரவரி கடைசியில் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயக்காரரைத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்ற செஞ்சிலுவைக் கப்பல். அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை ஏறக்குறைய 14,000 பேர், காயக்காரரும் அவர்களுடன் போனவர்களுமாக, அப்படிக் கடலால் கொண்டுசெல்லப்பட்டார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காலில் ஷெல் காயம். ஒரு காயக்காரருடன் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். நான் ஏறினேன். கரையிலிருந்து மீன்பிடி வள்ளத்தில் ஏற்றி, நடுக்கடலில் நின்ற கப்பலுக்கு மாற்றினார்கள். மகளின் அப்பா கரையில் நின்று கையைக் காட்டினார். அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை. அவர் இல்லை என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்னரும் கடல் கடந்திருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானவர்களில் நாங்களும் அடக்கம். மறுவருடம் தென்மராட்சியிலிருந்து கிளாலிக் கடலேரியால் வன்னிக்குப் போனோம். ஆக, எனக்குத் தெரிந்த வள்ளமும் கப்பலும் ஓடித் தப்புவதற்கானவை.

'வெளியில் சாப்பிடுவது' என்பதும் இதே மாதிரித்தான். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கோப்பையுடன் வரிசையில் நின்றதுதான் நான் வீட்டுக்கு வெளியே அதிக நாள் சாப்பிட்ட சாப்பாடு. முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எங்கள் முறை வரும்போது கிடாரம் காலியாகிவிடுமோ என்ற பயத்துடன் நிற்பது. அந்த வரிசையில் நின்ற பலர் இன்று இந்த இதழைக் கையில் வைத்திருப்பீர்கள். உங்களுக்கு விளங்கும்.

சங்கக் கூட்டத்தில் எழுந்த கதை

2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசப் பயணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதில் வந்தவர்கள் இறங்கி யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்த கிழமை எங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டம். பத்திரிகை கை மாறிப் போனது. எங்கள் சங்கத்தில் பதினான்கு பேர். கணவனை இழந்தவர்கள் ஒன்பது பேர், என்னைப்போலத் தேடிக்கொண்டிருப்பவர்கள் மூன்று பேர், தம்பி தங்கையரை வளர்த்ததில் கலியாணம் செய்யாமலே விட்டவர்கள் இருவர்.

படத்தைப் பார்த்த எங்கள் மூத்தக்கா ஒருவர், "ஊர் பார்க்க எங்கேயோ இருந்து கப்பலில வருகினம். நான் பக்கத்தில இருக்கிற நெடுந்தீவை இன்னும் காணேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான் யோசித்தோம். பதினான்கு பேரில் ஒருவர்கூட நெடுந்தீவைக் கண்டதில்லை. சாப்பாட்டுக்கடையில் ஆறுதலாக இருந்து சாப்பிட்டவர்கள் என்று கேட்டால் கையை உயர்த்தியவர்கள் மூன்று பேர். அவர்களும் கலியாணத்துக்கு முதல் அப்பாவுடன் போனவர்கள்.

அன்றே ஒரு முடிவு எடுத்தோம். ஒருவர் மாதம் 500 ரூபா. எட்டு மாதம். சங்கத்தின் கடன் கணக்கில் தொடாமல் தனிக் கொப்பியில் எழுதுவது. எட்டு மாத முடிவில் 56,000 ரூபா சேரும். வாடகை வான், படகுக் கூலி, மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அது காணும் என்று பொருளாளர் தங்கச்சி கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

நாலு பேரின் நாலு கதை

கதை ஊரில் பரவ ஒரு கிழமை போதும். "உந்தக் காசை வாழ்வாதாரத்துக்குப் போடலாமே, கோழி வளர்க்கலாமே" என்றார் எங்களுக்கு அடிக்கடி ஆலோசனை சொல்ல வரும் ஒருவர். கோழி ஏற்கனவே வளர்க்கிறோம். முட்டையும் விற்கிறோம். அந்த முட்டைக் காசில்தான் 500 ரூபாவே கட்டுகிறோம் என்று மூத்தக்கா பதில் சொன்னார்.

ஊர்க் கதையை நான் பெரிதாக எடுக்கவில்லை. என் வீட்டுக் கதைதான் பெரிதாக இருந்தது. 2010இல் முகாமிலிருந்து வந்ததிலிருந்து நான் மாமியுடன்தான் இருக்கிறேன். அவவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மகன் வருவான் என்று ஒவ்வொரு இரவும் ஒரு பிடி சோற்றை மூடி வைப்பா. நான் விஷயத்தைச் சொன்னபோது மாமி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டா.

"என்ர பிள்ளை எங்க, என்னத்தைச் சாப்பிட்டானோ தெரியாது. நீ கடையில இருந்து சாப்பிடப் போறியோ?"

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அவ கேட்டது நியாயமில்லாத கேள்வி என்று என்னால் சொல்ல முடியாது. கடந்த பதினைந்து வருடமாக அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நல்ல மீன் வாங்கினாலும் தொண்டைக்குள் இறங்காது. புதுச்சேலை உடுத்தால் ஏதோ களவு செய்ததுபோல இருக்கும். கணவன் இறந்தவர்களுக்கு ஊர் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. காணாமல் போனவரின் மனைவிக்கு ஊரிடம் சட்டமும் இல்லை. ஆகவே எங்களுக்கு நாங்களே சட்டம் போட்டுக்கொள்கிறோம். அது ஊர்ச் சட்டத்தை விடக் கடுமையாக இருக்கிறது.

காலையில் எழும்பி மகளைப் பார்த்தேன். அவளுக்கு இப்போது முன்பள்ளியில் வேலை. கால் கொஞ்சம் இழுக்கும். சிரிப்புக் குறைவான பிள்ளை. நான் சிரிக்காத வீட்டில் அவள் எப்படிச் சிரிப்பாள்? பெயரைக் கொப்பியில் எழுதினேன். என்னுடையதையும் மகளுடையதையும். மகளின் பங்கைத் தையல் காசில் வேறாகக் கட்டினேன்.

முதலில் ஒரு ஒத்திகை

கடைக்குப் போய் எப்படி இருப்பது, என்ன சொல்லி எடுப்பது, எவ்வளவு முடியும் என்ற கூச்சம் பலருக்கு இருந்தது. அதனால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னர் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகத்துக்குப் போனோம். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சமைப்பவர்களும் பெண்கள், விற்பவர்களும் பெண்கள். கண்ணுக்கு முன்னால் தோசை சுடுகிறார்கள், அப்பம் சுடுகிறார்கள். விலைப்பட்டியல் தொங்குகிறது. கையில் உள்ள காசைப் பார்த்து எடுக்கலாம்.

மூத்தக்கா குரக்கன் புட்டு எடுத்தார். "வீட்டில அவிக்கிற புட்டைத்தானே இங்கயும் சாப்பிடுறீங்கள்" என்று பகிடி பண்ணினோம். "அதுதான் பிள்ளை, ஆனால் இதை நான் அவிக்கேல்லை" என்றார். அன்று நாங்கள் கொடுத்த காசு எங்களைப் போன்ற இன்னொரு பெண்ணின் வீட்டு அடுப்புக்குத்தான் போனது என்பதும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

குறிகட்டுவானில்

2024 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடிய ஐந்தரைக்கு வான் வந்தது. பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கடல். அங்கங்கே களங்கண்டி வலைகள். வேலணை கடந்து, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். நயினாதீவுக்குப் போகும் படகுகளும் நெடுந்தீவுக்குப் போகும் படகுகளும் இங்கிருந்துதான் புறப்படும். நயினாதீவு கண்ணுக்குத் தெரியும் தூரம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

படகு வந்தது. எல்லோரும் ஏறினோம், ஒருவரைத் தவிர. எங்களில் இளையவள் அவள். படகின் விளிம்பில் காலை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். முகம் வெளிறிவிட்டது. சின்ன வயதில் கிளாலியால் இரவில் வந்தபோது இவர்களுக்குப் பின்னால் வெளிக்கிட்ட வள்ளம் கரைக்கு வரவில்லை. அதில் அவளுடைய சின்னம்மா இருந்தா. இதை எட்டு மாதமாக அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றுதான் சொன்னாள்.

"அக்கா, நான் ஏறேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

மூத்தக்கா கூட இருக்கிறேன் என்று இறங்கினார். அவள் விடவில்லை. "என்னால உங்கட பயணம் கெடக்கூடாது. நான் இதில இருப்பன்" என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பொருளாளர் தங்கச்சி அவளின் பங்குக் காசில் 1,000 ரூபாவை எண்ணி அவள் கையில் கொடுத்தாள். அவளைத் தனிய விட்டுப் போகிறோமே என்ற கவலையோடுதான் படகு வெளிக்கிட்டது.

நடுக்கடலில் படகு கொஞ்சம் ஆடியது. என்னை அறியாமல் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "அம்மா, அந்தக் கப்பலிலயும் நீங்கள் இப்பிடித்தான் பிடிச்சிருந்தனீங்கள்" என்றாள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல்தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில், "இப்ப விடுங்கோ, நான் படம் எடுக்கப்போறன்" என்று சிரித்தாள்.

நெடுந்தீவு

யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். நயினாதீவு ஹார்லெம், வேலணை லெய்டன், காரைநகர் அம்ஸ்ரர்டாம். அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட, நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்பு. வேலிகள் எல்லாம் முருகைக் கற்களை அடுக்கிய மதில்கள். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. அப்படியே நிற்கின்றன. வெளிகளில் குதிரைகள் தம்பாட்டில் மேய்கின்றன. அந்நியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. ஆபிரிக்காவுக்குரிய பெருக்கு மரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் குகை மாதிரி ஒரு பொந்து. நாலைந்து பேர் உள்ளே நின்று படம் எடுத்தோம்.

துறைக்குக் கிட்ட 'குமுதினி' நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணம் செய்த மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் அதே கடலால்தான் வந்திருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு மூத்தக்கா, "வாங்கோ பிள்ளையள், சாப்பாடு ஆறப்போகுது" என்றார். அந்தச் சொல் எனக்கு அப்போது பிழையாகப் படவில்லை. செத்த வீட்டிலும் யாரோ ஒருவர் அடுப்பை மூட்டத்தானே வேண்டும்.

உட்காரப் பழகாத நாங்கள்

மதியச் சாப்பாட்டை ஒரு சிறிய கடையில் முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம். சோறு, மீன் குழம்பு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, சொதி, அப்பளம். கடையை நடத்துவது ஒரு தம்பதியர். அந்த அம்மா சோற்றைக் கொண்டு வந்ததுதான் தாமதம், எங்களில் நாலு பேர் எழும்பிவிட்டோம். ஒருவர் கரண்டியை வாங்கினார். ஒருவர் தண்ணீர் வார்த்தார். நான் சொதிச் சட்டியைத் தூக்கிவிட்டேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டு, "இருங்கோ அம்மா, இண்டைக்கு நான் போடுறன்" என்றா.

இருந்தோம். எனக்கு ஒருவர் பரிமாறி எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தேன். முகாமில் அள்ளிப் போட்டார்கள். அது பரிமாறியது அல்ல. இந்த அம்மா, "கணவாய் இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" என்று கேட்டா. வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை என்னிடம் இருந்தது. "வையுங்கோ" என்றேன். எதிரே இருந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் கோப்பைகளைக் கழுவவும் இரண்டு பேர் வெளிக்கிட்டார்கள். பிடித்து இருத்தினோம். வெளிக்கிடும்போது கணவாய்க் கறியும் சோறுமாக ஒரு பார்சல் கட்டுவித்தேன்.

திரும்பி வந்தபோது

குறிகட்டுவானில் எங்களின் இளையவள் துறையிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருக்கும் என்று நினைத்தோம். அப்படி இல்லை.

"அக்கா, நான் ஒரு வேலை செய்தனான்" என்றாள். "அந்தத் தேத்தண்ணிக் கடைக்குள்ள போய்க் கதிரையில இருந்து வடையும் பிளேன்ரீயும் சொல்லிச் சாப்பிட்டனான். தனிய. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பிறகு பசிச்சுது, திரும்பவும் போய்ச் சோறு சாப்பிட்டனான்." மிச்சக் காசைப் பொருளாளரிடம் சதக் கணக்கில் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் பதினைந்து பேரிலும் அன்று பெரிய பயணம் போனது அவள்தான் என்று மூத்தக்கா சொன்னார்.

வரும் வழியில் நல்லூரடியில் வானை நிற்பாட்டி ஐஸ்கிறீம் சாப்பிட்டோம். வீட்டுக்கு வர ஏழு மணியாகிவிட்டது. மாமி விறாந்தையில் இருந்தா. நான் பார்சலை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்ன கறி?"

"கணவாய் மாமி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அவனுக்கும் கணவாய் எண்டால் காணும்" என்றா. பிறகு பார்சலை வாங்கி அவிழ்த்தா. ஒரு பிடியை எடுத்து மூடி வைத்தா. மிச்சத்தை அவ சாப்பிட்டா. முழுவதையும்.

நீங்களும் போக விரும்பினால்

எங்கள் அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. கடன்பட்டுப் போகாதீர்கள். சிறு தொகையைப் பல மாதம் சேருங்கள். அந்தக் கணக்கை மற்றக் கணக்குகளுடன் கலக்காதீர்கள்.

2. கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் போங்கள். எங்களுக்கு மார்ச் மாதம் வசதியாக இருந்தது. மாரிக் காலமும் காற்றுக் காலமும் வேண்டாம்.

3. படகு நேரங்கள் மாறும். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகில் ஏறாதீர்கள், அடுத்ததற்கு நில்லுங்கள்.

4. தீவுக்குள் வெயில் கடுமை, நிழல் குறைவு. தண்ணீர், குடை, வழமையாகப் போடும் மருந்து எல்லாம் கையில் இருக்கட்டும். தீவில் சுற்றிப் பார்க்க வாகனம் பிடிக்கும்போது கூலியை முதலே பேசி முடியுங்கள். சாப்பாட்டையும் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

5. கடலுக்குப் பயந்தவர்களைப் பகிடி பண்ணாதீர்கள், இழுத்து ஏற்றாதீர்கள். அவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்குக் கரையில் என்ன ஒழுங்கு என்று முதலே யோசித்து வையுங்கள். நாங்கள் யோசிக்கவில்லை. அது எங்கள் பிழை.

6. தூரம் போக வசதியில்லாவிட்டால் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்கு இரண்டு பேராகப் போங்கள். ஒரு தோசை, ஒரு பிளேன்ரீ போதும். ஆனால் பார்சல் கட்டாமல், இருந்து சாப்பிடுங்கள்.

சகோதரிகளே, நாங்கள் ஒரு நாள் சிரித்ததால் காணாமல் போனவர்களைத் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று பொருள் இல்லை. அடுத்த கிழமையே வழமைபோல் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போராட்டப் பந்தலில் போய் இருந்தேன். முன்னரைவிட நிமிர்ந்து இருந்தேன் என்று பக்கத்தில் இருந்தவ சொன்னா. காத்திருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். பட்டினி கிடந்து ஒருவரையும் திருப்பி அழைக்க முடியாது.

அந்த வருடம் நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு நாங்கள் ஆறு பேர் போனோம். எங்களின் இளையவளும் வந்தாள். படகில் ஏறி நடுவில் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பாதிக் கடலில் ஒருக்கால் திறந்து பார்த்தாள். பிறகு மூடவில்லை.